கூடிப் பேசி வைத்த விலைக்கு அபராதம் வேண்டும்

நடுவர் அவர்களே, வேலூர் மக்களே, வணக்கம். எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி விலை வைத்தது நிரூபணமானால் வலிக்கிற மாதிரி அபராதம் போட வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணி அண்ணன், "காட்பாடியில் மூன்று பங்க்கிலும் ஒரே விலை என்றால் உடனே சதியா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சதி இல்லை அண்ணா, நானும் சேர்ந்தே தட்டினேன். கச்சா எண்ணெய் விலை எல்லோருக்கும் ஒன்று, வரியும் ஒன்று. அப்புறம் விலை ஒட்டித்தான் இருக்கும். சமையல் எரிவாயு சிலிண்டர் செய்யும் கம்பெனிகள் டெண்டரில் ஒரே மாதிரி விலை போட்டன என்று, இப்படிப்பட்ட கூட்டுகளை விசாரிக்கும் நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2012-ல் அபராதம் விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், சந்தையின் அமைப்பே அப்படி, விலை ஒத்துப்போனது மட்டும் சாட்சியாகாது என்றது. ஆக, அப்பாவி தப்பிக்க வழி இருக்கிறது. அதனால்தான் தைரியமாக அபராதம் கேட்கிறேன்.

நான் பேசுவது ரகசியக் கூட்டத்தைப் பற்றி. சாலையோரப் புளியமர ஏலத்தில் முன்கூட்டியே விலை பேசிவைத்து 'சிண்டிகேட்' போடுவதை நம் வடாற்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வேலையைப் பெரிய எண்ணெய் நிறுவனங்களே ஐரோப்பாவில் செய்தன. பொருள், பாரஃபின் மெழுகு. எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைப்பது. குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், குச்சியைத் தோய்ப்பதே அதில்தான். 1992 முதல் 2005 வரை கூடிக் கூடி விலை பேசினார்கள். ஆரம்பத்தில் கூடியது ஹாம்பர்க்கில் ஓர் ஓட்டல் பாரில்! 2008-ல் ஐரோப்பிய ஆணையம் எக்ஸான்மொபில், டோட்டல், சாசோல் உட்பட 9 குழுமங்களுக்கு 67.6 கோடி யூரோ அபராதம் போட்டது. ஷெல்லும் கூட்டாளிதான், ஆனால் ஒரு காசு கட்டவில்லை. முதலில் போய்ப் போட்டுக்கொடுத்தது அதுதான்.

அபராதத்தின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. தொகை பெரிதாக இருந்தால்தான் கூட்டாளிக்குக் கூட்டாளி மேல் பயம் வரும். நம் போட்டிச் சட்டத்திலும் இது உண்டு. கூட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுவரவில் பத்து சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அது. முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்குச் சலுகை.

"அந்த அபராதத்தையும் நம் தலையில்தானே கட்டுவான்?" என்றார் எதிரணியில் பேசிய அம்மா. சரி, கட்டிப் பார்க்கட்டும். ஒருவர் மட்டும் ஏற்றினால் பாகாயம் போகிற ஷேர் ஆட்டோ பக்கத்து பங்க்குக்குத் திரும்பிவிடும். எல்லோரும் பேசிவைத்து ஏற்றினால் அடுத்த வழக்கு தயார்.

ஒரு குறை எனக்கும் உண்டு, நடுவர் அவர்களே. அபராதப் பணம் அரசுக்குப் போகிறது, கூடுதல் காசு கொடுத்த ஆட்டோக்காரருக்கு இல்லை. இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. தனி ஆள் எங்கே அலைவார்? எனவே அபராதம் வேண்டும், இழப்பீட்டுக்கு எளிய வழியும் வேண்டும் என்று என் கட்சியை இன்னும் ஒரு படி கூட்டியே கேட்கிறேன்.