கைமிட்டாயைக் காத்தது வீடே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கையால் செய்யும் மிட்டாய்த் தொழில் தலைமுறை கடந்து நிற்பதற்குக் காரணம் குடும்பமா, செய்முறையா என்பது இன்றைய தலைப்பு. குடும்பமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் சுவீடனின் கிரென்னா ஊரைச் சான்றாக வைத்தார். கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற அமாலியா எரிக்சன், 1859இல் நகர நிர்வாகத்தின் அனுமதி பெற்று, சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய 'போல்காகிரிஸ்' என்னும் பெப்பர்மின்ட் மிட்டாயைச் செய்து விற்கத் தொடங்கினார். 1923இல் அவர் மறையும்வரை செய்முறை வீட்டைவிட்டு வெளியேறவில்லை. இன்றோ அவ்வூரில் பல கடைகள் அதைச் செய்கின்றன. ஆகவே குடும்பம் பூட்டி வைத்ததை ஊர்தான் வாழவைத்தது என்றார். அழகான வாதம்தான். ஆனால் ஊர் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த மிட்டாய்க்குப் பெயர் வாங்கித் தந்தது யார் என்பதை அவர் சொல்லவில்லை.

நான் ஜப்பானுக்குப் போகிறேன். 1569இல் லூயிஸ் ஃபுரோயிஸ் என்ற பாதிரியார், தளபதி ஓடா நொபுனாகாவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை நிறையச் சர்க்கரை மிட்டாய் பரிசளித்தார். அதன் போர்த்துகீசியப் பெயரே அந்நாட்டு வாயில் 'கொன்பெய்தோ' ஆயிற்று. 1847இல் கியோத்தோவில் தொடங்கிய ரியோகுஜுவான் ஷிமிசு என்னும் கடை, இன்றும் அதே குடும்பத்தின் கையில், இந்த ஒன்றை மட்டுமே செய்து வருகிறது.

செய்யும் விதத்தைப் பாருங்கள். சாய்ந்தபடி சுழலும் சூடான பெரிய வாணலியில், கடுகைவிடச் சிறிய பசையரிசிக் குருணையைப் போட்டு, சர்க்கரைப் பாகைச் சிறுகச் சிறுக ஊற்றுகிறார்கள். அது உலர்ந்த பிறகே அடுத்த கரண்டி. நாள் முழுக்க நின்றாலும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முள்முள்ளாகப் புடைத்து உருவம் கூடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும். பாகின் பதத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதை, மிட்டாய்கள் புரண்டு விழும் ஓசையைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். எழுதி வைத்த அளவுக்குறிப்பு அந்த வீட்டில் கிடையாது. துடுப்புப் பிடிக்க 10 ஆண்டு, பாகு ஊற்ற 10 ஆண்டு என்பது அவர்கள் வழக்கு.

தோழரே, செய்முறை என்கிறீர்களே, இதில் எதைத் தாளில் எழுதுவீர்கள்? சர்க்கரை, தண்ணீர் என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஓசையை எழுத முடியுமா? அதைக் கேட்டுக் கேட்டுப் பழக, கூலிக்கு வந்தவர் 20 ஆண்டு காத்திருப்பாரா? அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது. வாணலியருகே விளையாடி வளர்ந்த பிள்ளைக்கோ அந்த ஓசை அப்பாவின் குரலைப் போலக் காதில் ஊறிவிடுகிறது.

குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் தொழில் தேங்கிவிடும் என்றும் சொன்னார். புளிப்பும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை படிந்து இறுகாது. அதனால் பழச்சாறோ சாக்லேட்டோ கலப்பது இத்தொழிலில் ஆகாத காரியமாக இருந்தது. அதைச் செய்து காட்டியது அதே வீட்டின் பிந்தைய தலைமுறைதான்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லுமுன் அந்த வாணலியருகே காது கொடுத்து நிற்பவர் யாருடைய பிள்ளை என்பதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.