விடுதலைக்கு மறுநாள்

நண்பர்களே, எனக்கு முன் பேசியவர் சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். "குற்றவாளி திருந்துவதும் திருந்தாததும் அவன் பாடு. என் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்" என்றார். நியாயமான பேச்சு. நானும் அந்தக் கட்சிதான். மக்களைக் காப்பதுதான் குற்றவியல் நீதியின் முதல் வேலை. எனக்கு இருப்பது ஒரே கேள்வி: எந்த நாள் வரைக்கும் காப்பது?

பத்தாண்டுத் தண்டனை என்றால் பத்தாண்டுக்கு அந்த ஆளால் நமக்குத் தொல்லை இல்லை. சரி, பதினோராம் ஆண்டு? சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருகிறார்கள். நாம் ஏறுகிற பேருந்தில்தான் அவர்களும் ஏறப்போகிறார்கள்.

அமெரிக்காவில் 2012-இல் 34 மாநிலங்களின் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களை அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவு கணக்கெடுத்தது. ஐந்தே ஆண்டுகளில் 71 சதவீதம் பேர் மறுபடி கைதாகியிருந்தார்கள். கடுமையில் குறை வைத்த நாடு அல்ல அது. கலிபோர்னியாவில் 1994-இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு பெரிய குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை சிக்கினால், அது சிறிய திருட்டு வழக்காக இருந்தாலும், 25 ஆண்டு முதல் ஆயுள் வரை உள்ளே போகலாம். மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு அந்தத் தண்டனை கிடைத்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அதை உறுதி செய்தது. வயது ஏற ஏற மனிதர்கள் குற்றத்திலிருந்து விலகிவிடுகிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி. அப்படியிருக்க, மட்டை திருடியவரைக் கிழவராகும் வரை பூட்டிவைத்து யாரைக் காப்பாற்றினார்கள்? அந்த மாநில மக்களே 2012-இல் வாக்களித்து அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

நீண்ட காலம் சிறையில் இருந்தவர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. வெளியே வந்த பிறகும் மூடிய கதவின் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். கை தாழ்ப்பாளுக்குப் போகாது. யாரோ வந்து திறக்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். எழுவதும் உண்பதும் விளக்கணைப்பதும் பல வருஷம் அடுத்தவர் கையில் இருந்ததன் விளைவு அது. அப்படிப்பட்டவர் கையில் ஒரு பையையும் கொஞ்சம் வழிச்செலவுக் காசையும் கொடுத்து, வேலை தேடிக்கொள், வீடு பார்த்துக்கொள், பழைய கூட்டாளி பக்கம் போகாதே என்கிறோம். அன்று மாலை அவரைத் தேடி வந்து 'சாப்பிட்டாயா' என்று கேட்கிற ஒரே ஆள் அந்தப் பழைய கூட்டாளியாகத்தான் இருப்பான்.

சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்புவது 13 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. படிக்க முன்வந்தவர்கள் முன்பே திருந்த நினைத்தவர்களாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஐயத்துக்கு இடம் விட்டுப் பார்த்தாலும், ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது அடுத்த வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. கைதிகளை நடத்துவதற்காக ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளும் இதையேதான் பிடித்துக்கொள்கின்றன. சமூகத்தைக் காப்பதும் மறுகுற்றத்தைக் குறைப்பதும்தான் சிறையின் முதன்மை நோக்கம் என்கிறது 4-ஆம் விதி. கூடவே, வெளியே போகிறவர் சட்டத்தை மதித்து, சொந்தக் காலில் நின்று வாழும்படி அந்தச் சிறைக்காலம் பயன்பட்டால்தான் அது நிறைவேறும் என்றும் சொல்கிறது.

இப்படிப் பேசும்போது பாதிக்கப்பட்டவர்கள் ஓரமாகப் போய்விடுகிறார்கள். அது எனக்கும் உறுத்துகிறது. தன்னைத் தாக்கியவன் என்றைக்கு வெளியே வருகிறான் என்றுகூடத் தெரியாமல் ஒரு பெண் வாழ்வது கொடுமை. அவளிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. விடுதலைத் தேதியை அவளுக்குச் சொல்லியாக வேண்டும், அவன் அவளை நெருங்காதபடி தடையும் போட்டாக வேண்டும். சீர்திருத்தம் பேசுகிற நாங்கள் இதற்கும் அதே குரலில் பேசினால்தான் எங்கள் பேச்சை நம்புவார்கள்.

அப்புறம், திருந்தவே மாட்டான் என்கிற ஆள்? இருக்கிறான், மறுக்கவில்லை. கைதியைச் சமைக்கவிட்டு, தொழில் கற்கவிட்டு, ஜன்னலுக்குக் கம்பியில்லாமல் ஹால்டன் சிறையைக் கட்டிய நார்வேயையே பாருங்கள். 2011-இல் 77 பேரைக் கொன்றவனுக்கு அங்கே 21 ஆண்டுக் காவல் விதித்தார்கள். அவன் ஆபத்தானவனாக இருக்கும் வரை அதை நீட்டித்துக்கொண்டே போகவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பத்தாண்டு கழித்து, 2022-இல், அவன் பரோல், அதாவது முன்கூட்டியே விடுதலை, கேட்டான். நீதிமன்றம் அவன் பேசியதைக் கேட்டது, மனநல நிபுணரின் சாட்சியத்தைக் கேட்டது, ஆபத்து தீரவில்லை என்று முடிவு செய்தது. திரும்ப உள்ளே அனுப்பிவிட்டது.