ஆன்டிபாடி இருந்தும் ஹெர்பஸ் ஏன் திரும்ப வருது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கமெண்ட்ல ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, பேர் வேண்டாம். "டாக்டர், எனக்கு ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி பாசிட்டிவ். ரத்தத்துல ஆன்டிபாடி இருக்குன்னா எதிர்ப்பு சக்தி வந்துடுச்சுன்னுதானே அர்த்தம், அப்புறம் ஏன் பிறப்புறுப்புல அதே இடத்துல திரும்பத் திரும்ப புண்ணு வருது?" (ஹெச்எஸ்வி-2ங்கறது பிறப்புறுப்புல வர்ற ஹெர்பஸ் வைரஸ், ஐஜிஜி அதுக்கு எதிரா ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி.) படிச்சதுல இருந்து மண்டைக்குள்ள இதேதான் ஓடிட்டு இருக்கு, ஏன்னா இது நான் பேசணும்னு காத்துட்டு இருந்த விஷயம்.

மொதல்ல வைரஸ் எங்க இருக்குன்னு பாருங்க. சளிச்சவ்வோட மேல் செல்லுக்குள்ள பூந்து பெருகி, அங்க இருக்கற நரம்பு நுனி வழியா ஏறி, இடுப்புக்குப் பின்னாடி முதுகுத்தண்டு பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சுல போய் படுத்துக்குது. தூங்கும்போது புரோட்டீன் ஏதும் பெருசா செய்யறதில்ல, அப்ப ஆன்டிபாடிக்குப் பிடிக்க அங்க என்ன இருக்கு? முழிச்சா அதே நரம்பு வழியா இறங்குது, அதனாலதான் அதே ஏரியா.

முதல் தடவை வரும்போது உடம்பு சும்மா இல்ல. மேல் செல்லே வைரஸை மோப்பம் பிடிச்சு இன்டர்ஃபெரான்ங்கற எச்சரிக்கை புரோட்டீனை விடுது, வைரஸ் பூந்த செல்லைக் கொல்ற என்கே செல் வருது, தகவல் தூக்கற டென்ட்ரிடிக் செல் வைரஸ் துண்டுகளைத் தூக்கிட்டு தொடை இடுக்குல இருக்கற நிணநீர் முடிச்சுக்கு ஓடுது, அதான் அப்ப நெறி கட்டி வலிக்குது, அங்க வைரஸை அடையாளம் பழகின டி செல் (ஒரு வகை வெள்ளை அணு) திரும்ப புண்ணு இருக்கற இடத்துக்கு வருது. வைரஸும் லேசுப்பட்டது இல்லங்க, ஐசிபி47னு ஒரு புரோட்டீனை வச்சு, "எனக்குள்ள வைரஸ் இருக்கு"ன்னு செல் வெளிய காட்டுற வழியையே அடைச்சுடுது.

இப்ப நான் வழக்கமா சொல்றதுக்கு வரேன், பழைய ஆளுங்க சிரிக்காதீங்க: எதிர்ப்பு சக்தின்னா ரத்தத்துல மட்டும் தேடாதீங்க, இடத்துல தேடுங்க. அமெரிக்காவுல சியாட்டில்ல லாரி கோரி, ஜியா ஜூன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களோட குழு, புண்ணு ஆறின இடத்துல இருந்தே கொஞ்சம் தோல் எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க. வெளிய பாத்தா சுத்தமான தோல், உள்ள சிடி8 டி செல், அதாவது வைரஸ் பூந்த செல்லைக் கொல்ற வகை, சரியா நரம்பு நுனி வந்து முடியற லேயர்ல குந்தியிருக்கு. தேர் நிலைக்கு வந்தாச்சு, பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் மட்டும் சந்து முனையிலயே டேரா போட்ட மாதிரி. 2013ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்துச்சு.

இது வேலையும் செய்யுது. அதே ஊர்ல ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்வாப் எடுத்துப் பாத்தப்ப வைரஸ் வெளிவர்ற எபிசோட்ல கிட்டத்தட்ட பாதி 12 மணி நேரத்துக்குள்ளயே அடங்கிடுது, நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. ஆனா தெரியாத அந்த நேரத்துலயும் துணைக்குப் பரவலாம், அதான் வம்பு.

அப்ப நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "புண்ணு ஆறினப்புறம் அங்க என்னதான் நடக்குது?" சிடி8 கூடவே, மத்த செல்லுக்கு உதவற சிடி4ங்கற டி செல்லும் மாசக்கணக்குல அங்கயே தங்குதுன்னு இதே குழு 2009ல காட்டினாங்க, ஹெர்பஸ் மாத்திரை அசைக்ளோவிரை தினமும் சாப்பிட்டாலும் கலையல. அந்த சிடி4 மேல இருக்கற சிசிஆர்5ங்கற புரோட்டீன்தான் எச்ஐவி உள்ள வர்ற கதவு! ஹெச்எஸ்வி-2 இருந்தா எச்ஐவி தொத்துற ரிஸ்க் சுமார் மூணு மடங்குன்னு சொல்றாங்களே, அதுக்கு இது ஒரு முக்கிய காரணம். அசைக்ளோவிர் குடுத்தா எச்ஐவி குறையுமான்னு மூவாயிரம் பேருக்கு மேல வச்சு டிரையல் பண்ணாங்க, 2008ல ரிசல்ட், குறையல. மருந்து வைரஸைத்தான் அடக்குது, குந்தியிருக்கற செல்லை இல்ல.

தடுப்பூசி ஏன் வரலன்னும் எப்பவும் கேக்கறீங்க. 2012ல எட்டாயிரத்துச் சொச்சம் பெண்கள்கிட்ட பண்ணின டிரையல்ல ரத்தத்துல ஆன்டிபாடி வந்துச்சு, ஹெச்எஸ்வி-2வைத் தடுக்கல. அதே வருஷம் அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல அகிகோ இவாசாகி குழு எலிக்கு ஊசி போட்டு, அப்புறம் பிறப்புறுப்புல கீமோகைன்ங்கற, செல்லைக் கூப்பிடற புரோட்டீனைத் தடவி டி செல்லை அங்க இழுத்து உக்கார வச்சாங்க, எலி தப்பிச்சுது. திரும்பவும் அதேதான், இடம்!

சரி, கேட்டவங்களுக்கு. ஐஜிஜி பாசிட்டிவ்னா வைரஸ் உள்ள வந்திருக்குன்னுதான் அர்த்தம், இனி வராதுன்னு இல்ல. அடிக்கடி வந்தா டாக்டர்கிட்ட கேட்டு தினசரி மாத்திரை எடுக்கலாம், அசைக்ளோவிர் வகையைச் சேர்ந்த வாலாசைக்ளோவிர் தினமும் எடுத்தா துணைக்குப் பரவறது ஏறக்குறைய பாதி குறையுதுன்னு 2004லயே காட்டியாச்சு. கர்ப்பமா இருந்தா பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. அடுத்த கேள்வி...