கணக்குக் காட்டாதவருக்கு ஓலை இல்லை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு அறிவை வளர்ப்பது புத்தகமா, பயணமா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி, "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வாரா வாரம் பஸ் ஏற்றுகிறார்கள், இவர்கள் வீட்டு வாசலில் டிராவல்ஸ் என்று போர்டு மாட்டிவிடலாம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, மாட்டட்டும். அந்த டிராவல்ஸில் போன ஒரே ஒரு பயணத்தைக் கேளுங்கள்.

என் பையனுக்கு ஒன்பது வயது. செங்கல்பட்டில் பஸ் பிடித்து உத்திரமேரூர் போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பராந்தக சோழன் காலத்தில் எழுதிய குடவோலை விதிகள், 1,100 வருஷத்துக்கு முந்தையவை. பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்றதும், "எடுக்கிறது என்னை மாதிரிப் பையனா?" என்று குதித்தான் பாருங்கள்! எந்தப் பாடப்புத்தகத்துக்கும் அவன் அப்படிக் குதித்ததில்லை.

வீட்டுக்கு வந்தான். என் பித்தளைக் குடத்தை எடுத்தான். வாரக் கடைசியில் என்ன சமையல் என்பதை முடிவு செய்ய ஒரு வாரியம் வேண்டுமாம். அப்பா பேரை எழுதப் போனவன் நிறுத்திவிட்டான். "போன மாச மளிகைக் காசுக்கு அப்பா கணக்குக் காட்டவில்லை. கணக்குக் காட்டாதவருக்கு ஓலை கிடையாது, கல்வெட்டில் இருக்கிறது." என் வீட்டுக்காரர் பில்லைத் தேடி ஓடுகிறார்! கதை அதோடு முடியவில்லை. கணக்குக் காட்டாதவருடைய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று அதே விதி சொல்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் பேர் எழுதிய ஓலையைத் தானே வெளியே எடுத்தான். "நான் அப்பாவோட பையன்மா, நானும் நிற்க முடியாது." ஒன்பது வயதில், ஐயா! இந்த நேர்மையை எந்த வினாத்தாளில் தம்பி கேட்பார்?

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. 35 வயதிலிருந்து 70 வரை, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, இவ்வளவும் இருந்தால்தான் ஓலையில் பேர். "அப்போ நிலம் இல்லாதவங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அதற்கு நூலகத்துக்குத்தான் போனோம், புத்தகத்தை யாரும் தூக்கி எறியவில்லை தம்பி. ஒரு நாள் பயணம், எட்டு நாள் வாசிப்பு. வேடந்தாங்கலுக்குப் போனபோதும் அப்படித்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதை அங்கே ஒரு விவசாயி வரப்பில் நின்று சொன்னார், வந்து அறிவியல் புத்தகத்தை அவனே திறந்தான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை மனுஷரோடு பழகாது என்று பயப்படுகிறீர்களே, அந்த விவசாயி மனுஷர் இல்லையா?

மணி அடித்துவிட்டார்கள், இதோ முடிக்கிறேன்.

நிலம் இல்லாதவங்க என்று அவன் கேட்டபோது எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. கூலி வேலை. நான் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள். பணம் கட்ட முடியாமல் நான் வீட்டில் அழுதுகொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் உட்காரவைத்து, இதே உத்திரமேரூருக்கு மிதித்துக்கொண்டு போனார். சுவர் முன்னால் நின்று, "எனக்குத்தான் படிக்கத் தெரியாது, நீ படிச்சுச் சொல்லு" என்றார். அந்தப் பழைய எழுத்து எனக்கும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது அதே சுவரில் என் பையன் தொடாமல் விரலை நீட்டி, "அம்மா, இது ப, இது ட" என்று எழுத்துக்கூட்டினான். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "என்னடா எழுதியிருக்கு தாத்தாவுக்குச் சொல்லு" என்பதுதான்.