அமாமி முயலும் கங்கைக் கீரியும்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அமாமி முயலின் வாழ்வு, அதற்கு வந்த கேடு, அதிலிருந்து நம் குளத்துக்குக் கிடைக்கும் பாடம் ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். ஜப்பானின் தெற்கே அமாமி ஓஷிமா, தோக்குனோஷிமா என்னும் இரண்டு தீவுகளில் மட்டுமே வாழும் கரிய முயல் இது. தாய் தன் குட்டியை வளைக்குள் விட்டு, வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். இரண்டு இரவுக்கு ஒருமுறை வந்து, திறந்து, பாலூட்டி, மறுபடியும் அடைக்கும். அப்படிக் காத்த குலத்துக்குத்தான் கேடு வந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேளுங்கள். அமாமியில் ஹபு என்னும் கொடிய விஷப்பாம்பு உண்டு. பாம்புக்குப் பகை யார்? கீரி! 1979இல் சுமார் 30 கீரிகளைக் காட்டில் விட்டார்கள். எந்த ஊர்க் கீரி தெரியுமா? நம் கங்கைப் பகுதியிலிருந்து 1910இல் ஜப்பானின் ஒகினாவா தீவுக்குக் கொண்டுபோன கீரிகளின் வாரிசுகள்! ஆனால் கீரி பகலில் திரியும். ஹபு இரவில் திரியும். இரண்டும் எதிர்ப்பட்டால்தானே சண்டை? பசித்த கீரி முயலைத் தின்றது, தவளையைத் தின்றது. 2000 வாக்கில் ஏறத்தாழ 10,000 கீரிகள். பிறகு பொறி வைத்து, மோப்ப நாய்களோடு மலையெல்லாம் அலைந்து சுமார் 32,000 கீரிகளைப் பிடித்தார்கள். 2024 செப்டம்பரில்தான் கீரி ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. முயல்கள் மீண்டு வருகின்றன. ஆனாலும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான். வீட்டைவிட்டுக் காடேறிய பூனைகளும் இரவில் விரையும் வாகனங்களும் இன்றும் அவற்றைக் கொல்கின்றன.

 இனி நம் குளத்துக்கு வருவோம். கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனை இன்றும் நீர்நிலைகளில் விடுகிறார்கள். அது நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் தின்கிறது. இதுவும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததுதான், ஐயா! கொசுப்புழுவைத் தின்ன நம் குளத்து மீன்களே இருக்கின்றன.

கம்பூசியாவை நம் ஊர்க் குளத்தில் விடக்கூடாது என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.