தெர்மாகோலும் நம் சிரிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது அமைச்சராக இருந்த செல்லூர் கே. ராஜு அதிகாரிகளோடு அணைக்கு வந்து, டேப் ஒட்டி இணைத்த தெர்மாகோல் அட்டைகளைத் தண்ணீரில் இறக்கினார். வெயிலில் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். கொஞ்ச நேரத்திலேயே காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியுமே. தமிழ்நாடே விழுந்து விழுந்து சிரித்தது. மீம்ஸ் குவிந்தன. இன்றைக்கும் கோடை பிறந்தால் யாராவது ஒருவர் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் போடுகிறார்.

சிரித்ததில் தப்பில்லை. பொதுப்பணத்தில் ஒன்றைச் செய்கிறவர்கள் முதலில் ஒரு சின்னக் குளத்திலாவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்றுதான். அணையோ ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றாலைகள் சுழல்கிற வட்டாரம். அங்கே அந்த அட்டை எப்படி நிற்கும்?

ஆனால் அந்தச் சிரிப்பில் நாம் தவறவிட்டது ஒன்று உண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. தேனி, மதுரையில் தொடங்கி ராமநாதபுரம் வரைக்கும் வைகையை நம்பித்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரை வெயில் குடித்துக்கொண்டிருந்தது. இந்த நாட்டு வெயிலில் திறந்து கிடக்கும் நீர்நிலையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஆள் உயரத்தைவிட அதிகம். அணை நிறைந்திருக்கிற வருஷத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. வறண்ட வருஷத்தில் ஒவ்வோர் அடியும் கணக்கு.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015-ல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிரப்பிய பந்துகள். அதனால் காற்றுக்குப் பறக்கவில்லை. வெயில் பட்டுத் தண்ணீரில் வேண்டாத ரசாயனம் உருவாவதைத் தடுப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடவே கிடைத்த பலன். அப்புறம் 2018-ல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பந்துகளைத் தயாரிக்கச் செலவான தண்ணீர், அந்த வறட்சிக் காலத்தில் அவை மிச்சப்படுத்திய தண்ணீரைவிட அதிகமாக இருந்திருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. பார்த்தீர்களா, சரியாகச் செய்தவர்களுக்கே இது சிக்கலான கணக்கு. குஜராத்தில் நர்மதைக் கால்வாயின் மேலேயே சூரிய மின்தகடுகளைப் பரப்பினார்கள், 2012-ல். நிழலும் ஆச்சு, மின்சாரமும் ஆச்சு. இதையெல்லாம் நாம் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருப்பதை, கண்மாய்கள் தூர்ந்து கிடப்பதை, ஆற்றில் மணல் இல்லாமல் போனதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம். ஒரு மனிதரைக் கேலி செய்ததோடு நம் கடமை முடிந்துவிட்டது போல நடந்துகொண்டோம்.

இதில் என்னை உறுத்துகிற முரண் வேறொன்று. அணையில் மிதந்த தெர்மாகோலைப் பார்த்துச் சிரித்த அதே வருஷம், நம் கல்யாண மண்டபங்களில் மணமக்கள் பெயரை எதில் வெட்டி ஒட்டினோம்? வளைகாப்பு மேடைக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு, வீட்டுக் கொலுவுக்கு? எல்லாம் தெர்மாகோல்தான். விழா முடிந்த மறுநாள் காலையில் ஏதாவது ஒரு மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை பெயரில் பாதி எழுத்து வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும். ஜிகினா ஒட்டிய இதயம் ஒன்று சாக்கடைத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும். மழை வந்தால் அது பொடிப்பொடியாக உதிர்ந்து, வெள்ளை மணிகளாகக் கண்மாய்க்குப் போய்ச் சேரும். அந்த மணிகளை யாராலும் அள்ள முடியாது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுக்கும் கோப்பைக்கும் தடை இருக்கிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கும் 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுக்கத் தடை வந்தது. அதற்கு முன்னால் நாமாக யோசிக்கவில்லை. அணையில் இறக்கிய அட்டைகளைத் திருப்பி எடுக்கவாவது அங்கே ஆள் இருந்தது.

இன்னொரு வகைச் சிரிப்பும் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடிக்கும். 2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிப் பக்கத்து ஆட்கள் தங்கள் கார்களையெல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. நிறுத்தியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் 2015 வெள்ளம் இருக்கிறது, முழங்கால் தண்ணீரில் நின்ற வீடு இருக்கிறது. தண்ணீர் எங்கே வரும் என்பது அவர்களுக்கு அளந்து தெரியும். அது ஏரியும் சதுப்பும் இருந்த பூமி. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022-ல் அதற்கு, உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்குத் தருகிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் கிடைப்பதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது.

பாதிக்கப்பட்டவர் தன் நிலைமையைச் சொல்லிச் சிரிக்கும்போது அதில் தகவல் இருக்கிறது, வலி இருக்கிறது, அடுத்த கேள்விக்கு இடமும் இருக்கிறது. கார் ஏன் பாலத்துக்குப் போனது என்று ஒரு குழந்தை கேட்டால், ஏரியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெர்மாகோல் ஜோக்கில் அப்படி யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அணைகளின் நீர்மட்டம் நாளிதழ்களில் தினமும் வருகிறது. வைகை அணைக்கு முழு உயரம் 71 அடி. வரும் கோடையில் அந்தப் பழைய படம் உங்கள் போனுக்கு வரும்போது, சிரித்துவிட்டு, அன்றைக்கு அணையில் எத்தனை அடி என்று பார்த்து அதையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று கிராம சபையில் கேளுங்கள். அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால், மேடைக்குப் பூவும் துணியும் ஓலையும் போதும் என்று அலங்காரக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அட்டை வாங்கியாச்சு என்பார்.

நன்றி, வணக்கம்.