நீரு பருத்தே! (கூடாரம் சுகமே என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பின்னால் பிரியாணி அண்டா திறந்துவிட்டது என்று காற்றே சொல்கிறது. அதனால் வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

"சின்னக் குழந்தைகளோடு கோடையில் கூடாரம் போட்டுத் தங்குவது சுகமா, சுமையா?" இதுதான் தலைப்பு. சுகமே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், நம் குடியிருப்பின் செயலாளர் அண்ணன், கிடைத்த பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் கொசுவைப் பற்றிப் பேசினார். நம் பேஸ்மெண்ட்டில் தினமும் கார் எடுக்கிறவர்கள் கொசுவைப் பார்க்கக் காடு வரைக்கும் போக வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கடைசி நிமிடத்தில் ஒன்று சொன்னார் பாருங்கள்.

"தாத்தா கஷ்டப்பட்டு ஓட்டுக் கூரை போட்டார். அப்பா கடன்பட்டு கான்கிரீட் போட்டார். பேரன் மூவாயிரம் ரூபாய் கொடுத்துத் துணிக்குள்ளே போய்ப் படுக்கிறான்!"

அரங்கமே அதிர்ந்தது. சரி, அதிரட்டும். ஆனால் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைதட்டியது யார் தெரியுமா? எங்க வீட்டுக்காரர்! ஐயா, நான் இந்த அணி. சாயங்காலம் வீட்டுக்குத்தான் வரணும்.

அண்ணனின் அந்த வரிக்கு நான் வருவேன். அதற்கு முன்னால், கைதட்டிய அந்தக் கையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம். கனகபுரா சாலையில் போய், மளவள்ளி தாண்டி, சிவசமுத்திரம் பக்கம் ஒரு மாந்தோப்பு. தோட்டத்துக்காரரே கூடாரம் போட இடம் தருகிறார். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. கூடாரம் புதுசு. அட்டைப்பெட்டியில் 'நாலு பேருக்கு' என்று போட்டிருந்தது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் பயப்படுகிறோமே, அந்த நாலு பேராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களை யாரும் பார்த்ததே கிடையாது. நிஜமான மனிதர்கள் என்றால் இரண்டரை பேர் படுக்கலாம். இதை மட்டும் வீட்டுக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது உதவும்.

எங்க வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தார். முளைக்குச்சியை எந்தக் கோணத்தில் அடிக்க வேண்டும், மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவில் ஏன் காற்று போக வேண்டும், நாம் விடுகிற மூச்சே காலையில் எப்படிச் சொட்டுச் சொட்டாக நம் மேலேயே விழும், எல்லாம் அத்துப்படி. அங்கே போனதும் தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்து ஒரு இடத்தைக் காட்டினார். "பாரு, கல்லு இல்ல, முள்ளு இல்ல, மெழுகி வச்ச மாதிரி எவ்வளவு வழவழன்னு இருக்கு!"

நடுவர் அவர்களே, மாந்தோப்பில் ஒரு இடம் மட்டும் ஏன் வழவழவென்று இருக்கும்? யார் வந்து மெழுகினார்கள்? இந்தக் கேள்விக்கு அவர் பார்த்த எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

பதில் தெரிந்த ஒரே மனிதர் தோட்டத்துக்காரர். அவர் வந்தார், பார்த்தார், "அல்லி பேட சார். நீரு பருத்தே" என்றார்.

அங்கே வேண்டாம், தண்ணீர் வரும். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எங்க வீட்டுக்காரர் பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு வருடம். அவருடைய கன்னடம் மொத்தம் ஆறு வார்த்தை, அதில் மூன்று ஆட்டோ மீட்டரைப் பற்றியது. 'நீரு' புரிந்தது. 'பருத்தே' பாதி புரிந்தது. இந்த நல்ல மனுஷன் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, நெகிழ்ந்து போய், "பேடா பேடா! நம்மகிட்ட இருக்கு" என்று காரில் இருந்த இருபது லிட்டர் கேனைக் காட்டினார்.

தோட்டத்துக்காரர் கேனைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார். இன்னொரு தடவை, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி, "சார்... நீரு... பருத்தே" என்றார்.

இவர் அவர் தோளில் கை வைத்து, "தேங்க்ஸ் அண்ணா. போதும்" என்றார்.

பகல் முழுக்கக் காய்ந்து சாயங்காலம் இடியோடு கொட்டுகிற இந்தக் கோடை மழைக்குப் பள்ளிப் புத்தகத்தில் 'மாஞ்சாரல்' என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். சாரலாம்! அந்தப் பேரை வைத்தவரை ஒரு மே மாதம் மாமரத்தடியில் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணி. புளிசாதம் சாப்பிட்டு முடித்தோம் (யார் கட்டியது என்று கேட்காதீர்கள், பதில் நீங்கள் நினைத்ததுதான், மேலே போவோம்). முதல் இடி இடித்தது. "மேல் துணி இருக்கு, கவலைப்படாதே" என்றார். உண்மைதான். மேலேயிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வந்ததெல்லாம் கீழேயிருந்து. அந்த வழவழ இடம் இருக்கிறதே, அது மொத்தத் தோப்புக்கும் வாய்க்கால்!

பாய் ஈரமானது, பை ஈரமானது, என் கண்ணாடி எங்கேயோ மிதந்து போனது. அப்போது என் நாலு வயது மகன் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஆனந்தம் தாங்காமல் கத்தினான். "அம்மா! தண்ணி வந்துடுச்சு! பக்கெட் எடு! பக்கெட் எடு!"

சிரிக்கிறீர்களே, அவன் யார் பிள்ளை? நம் குடியிருப்புப் பிள்ளை. 2024 மார்ச்சில் இந்த ஊரே டேங்கருக்கு வரிசையில் நின்றதே, அப்போது பேசக் கற்றுக்கொண்ட பிள்ளை. தண்ணீர் தானாக வீட்டுக்குள் வந்தால் அவனைப் பொறுத்தவரை அது தீபாவளி. செயலாளர் அண்ணே, அந்த மாதம் உங்களைப் பார்த்து ஒருத்தர் "நீரு பருத்தே" என்று சொல்லியிருந்தால் நீங்கள் மாலை போட்டிருக்க மாட்டீர்களா?

இந்தக் கதையை எங்கள் வீட்டில் மூன்று விதமாகச் சொல்வோம். என் மாமியாரிடம் இவர் சொன்னது: "லேசா ஈரம்மா." ஆபீஸில் சொன்னது: "எதிர்பாராத வெள்ளம்." சின்னவன் பள்ளிக்கூடத்தில் சொன்னது: "எங்கப்பா எங்களைக் காவேரிக்குள்ள படுக்க வச்சாரு." டீச்சர் போன் பண்ணிவிட்டார்.

சரி. ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு தோட்டத்துக்காரர். இடி நேரத்தில் மரத்தடியில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று சைகையிலேயே சொல்லி, பெரியவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் வீட்டுத் திண்ணைக்கு எங்களை ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் ஒரே ஒரு வரி: "நானு ஹேளித்னல்லா சார்." நான் சொன்னேனே சார். அன்றைக்கு எங்க வீட்டுக்காரரின் கன்னடம் ஏழு வார்த்தை ஆனது.

இது சுமைதானே, சுகம் எங்கே என்று நடுவர் பார்வையாலேயே கேட்கிறார். எதிரணிக்கு நான்தான் பாயின்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று என் அணித் தம்பியும் காகிதத்தில் எழுதி நீட்டுகிறான். கொஞ்சம் பொறுங்கள். இப்போது அண்ணனின் வரிக்கு வருகிறேன். தாத்தா ஓட்டுக் கூரை போட்டார் என்றாரே.

எந்தத் தாத்தா அண்ணே? என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆர்க்காட்டிலிருந்து போன குடும்பம். லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, சுவரே மூங்கில் தட்டி. கூடாரம் எங்களுக்குப் புதுசில்லை. நாங்கள் படுத்திருந்த அந்தச் சிவசமுத்திரம் இருக்கிறதே, அங்கே காவிரியில் எடுத்த மின்சாரம் 1902லேயே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்குப் போய்விட்டது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல்தான். ஊருக்கு முன்னால் சுரங்கத்துக்குக் கரண்ட்! ஆனால் என் தாத்தா வீட்டுக்கு ரொம்ப நாள் மண்ணெண்ணெய் விளக்குதான்.

கோடை லீவு விட்டால் மாரிக்குப்பம் ரயிலேறி அங்கே போய்விடுவேன். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்து லைன். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடக்கணக்காகியிருந்தது. ஆனாலும் மழை இல்லாத ராத்திரியில் ஒரு நாள்கூட வீட்டுக்குள் படுத்து நான் பார்த்ததில்லை. வாசலில் கயிற்றுக் கட்டில். "உள்ள வந்து படேன்" என்று பாட்டி கத்துவாள். அவர் இருமிக்கொண்டே சொல்வார்: "மேல மூணு கிலோமீட்டர் கல்லை வச்சுக்கிட்டு தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தவன்டி. இப்ப மேல ஒண்ணுமே வேணாம்."

அண்ணே, கூரை இல்லாததால் அவர் வெளியே படுக்கவில்லை.

கட்டிலில் என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் கை காட்டுவார். "ஏழு தெரியுதா? அந்த வால்ல நடுவுல இருக்கிறதை உத்துப் பாரு. ஒட்டினாப்ல பொடிசா இன்னொண்ணு தெரியுதா? அதான் அருந்ததி." தெரியுது தாத்தா என்பேன். மறுநாளும் கேட்பார். "தெரியுதா?" தெரியுது தாத்தா. தினமும் கேட்கிறாரே, இந்தக் கிழவருக்கு மறதி என்று நினைத்துக்கொள்வேன்.

மணி அடித்துவிட்டார் நடுவர். இரண்டே நிமிடம் ஐயா.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு மழை விட்டது. கழுவிவிட்ட மாதிரி வானம். சின்னவன் தூங்கிவிட்டான். பெரியவள் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஏழு இருக்கு மா, கேள்விக்குறி மாதிரி" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு வானம் வெறும் கறுப்பு. ஒரு புள்ளி தெரியவில்லை. ஆனால் வாய் தானாகச் சொல்கிறது: "வால்ல நடுவுல இருக்கிறதை உத்துப் பாரு. ஒட்டினாப்ல பொடிசா இன்னொண்ணு தெரியுதா?"

அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. கடைசி வருடங்களில் அவருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"தெரியுது மா. ரெண்டு" என்றாள் என் பெண்.

எங்க வீட்டுக்காரரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "அதுதான் அருந்ததியா? அப்ப நம்ம கல்யாணத்துல ஐயர் மண்டபத்துக் கூரையைக் காட்டினாரே, நானும் தெரியுதுன்னு தலையாட்டினேனே, அது என்ன?" என்றார். நான் சொன்னேன், "அது ஸ்மோக் டிடெக்டர்."

அந்த நட்சத்திரத்து வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பெண் பார்த்த வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பியபோது தாத்தாவுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஷிஃப்ட் முடிந்து, மேலே வந்து, அந்தக் கட்டிலில் படுத்திருப்பார். இன்றைக்கு அந்த லைன் வீடும் இல்லை, கட்டிலும் இல்லை. சுரங்கத்தையும் 2001ல் மூடிவிட்டார்கள்.

இதில் சுகம் எது, சுமை எது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை நடுவர் அவர்களே. தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து என் பெண் மொட்டை மாடிக்குப் போய்ப் பாய் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பெங்களூர் வெளிச்சத்தில் ஏழில் நாலு தெரிந்தாலும் அவளுக்குப் போதும். மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது, 'யாரும் செல்லக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கீழே கையெழுத்து, செயலாளர்.

அண்ணே, சாவி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, சத்தம் கேட்கிறது. வணக்கம்.